குனியாமல் நுழைந்தவன்

மேடையில் கதவு வைப்பது வீட்டில் கதவு வைப்பதைவிடக் கடினமான வேலை. வீட்டுக் கதவைச் சுவர் பிடித்துக்கொள்ளும். மேடைக் கதவு தன் காலிலேயே நிற்க வேண்டும். நடிகர் கோபத்தில் அறைந்து சாத்தினால் ஆடக் கூடாது. காட்சி முடிந்ததும் இரண்டு பேர் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போகும்படியும் இருக்க வேண்டும். நான் செய்வது இதுதான்: வாசக்காலின் அடியில் பின்பக்கம் நீளும் இரண்டு இரும்புக் கால்களை வைத்து, அவற்றின் மேல் மணல் மூட்டையைப் போட்டுவிடுவேன். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வாசக்கால் மட்டும்தான் தெரியும். மூட்டையை எடுத்துவிட்டால் கதவு லேசாகிவிடும்.

நான் பேக்டரியில் இரும்பை வெட்டி ஒட்டும் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் இருக்கிறேன். கோலார் தங்கவயலில் கொர்னேலியஸ் சார் எந்த நாடகம் போட்டாலும் கதவு, படிக்கட்டு, ஜன்னல் எல்லாம் என் பொறுப்பு. சார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஸ்கெலட்டன் என்ற பகுதியில் இருக்கும் பழைய மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை நடக்கும். மற்ற நாட்களில் நடிகர்களில் பாதிப் பேர் விடிவதற்கு முன்பே பெங்களூரு ரயிலில் ஏறியிருப்பார்கள்.

இந்த முறை எடுத்த நாடகத்தின் பெயர் 'வந்தவங்க'. எழுதிய வினோலியா குடியாத்தத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த ஒரு கூலிக்காரனின் கதை அது. முதல் காட்சியில் அவன் பண்ணையார் வீட்டு வாசலில் நிற்கிறான். இரண்டாவது காட்சியில் மனைவியோடு இங்கே வந்து, கம்பெனி கொடுத்த லைன் வீட்டுக்குள் நுழைகிறான். நடுவில் சுரங்கம், விபத்து, வேலைநிறுத்தம், சுரங்கம் மூடப்படுவது எல்லாம் வருகிறது. கடைசிக் காட்சியில் அவனுடைய பேரன் பெங்களூரில் வாடகைக்கு எடுத்த ஃபிளாட்டின் கதவைத் திறந்து, கையில் ட்ரங்க் பெட்டியோடு உள்ளே வருகிறான். அந்தக் காட்சியில் வசனமே கிடையாது. பெட்டியை வைப்பான், விளக்கு அணையும். தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆள்தான் நடிக்க வேண்டும் என்று வினோலியா எழுதியிருந்தார்.

அந்த ஆள் பாக்கியராஜ்.

கொர்னேலியஸ் சார் நாடகத்தில் இரண்டு இடங்களை வெட்டினார். முதல் வெட்டு இரண்டாவது காட்சியில். 'நிமிர்ந்து நுழைகிறான். வாசக்காலின் மேல்கட்டை தலையில் இடிக்கிறது' என்று அங்கே இருந்தது. "நம்ம பாட்டன் பூட்டன் மொத மொத காலு வெக்கிற எடம். அங்க போயி ஜனம் சிரிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் சார். இடிப்பது இல்லையென்றால் கதவு தாராளமாகவே இருக்கலாம். அதனால் எங்கள் வீட்டு அளவிலேயே, ஏழடி உயரத்தில் வாசக்கால் செய்து கொடுத்தேன்.

இரண்டாவது வெட்டு, கடைசிக் காட்சி முழுவதும். அதை நடிக்க மாட்டேன் என்று சொன்னவன் பாக்கியராஜ். சாருக்கும் அந்தக் காட்சி அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஊரைவிட்டுப் போவதோடு முடித்தால் கைதட்டு வராது என்று நினைத்தார். அதற்குப் பதிலாக, பேரன் மேடையின் முன்னால் வந்து, 'இந்த மண்ணை விட்டு நான் எங்கே போவேன்?' என்று நீளமாகப் பேசி முடிப்பதுபோல அவரே ஒரு வசனம் எழுதினார். பாக்கியராஜ் அதை நரம்பு புடைக்கப் பேசுவான். அவன் பேசும்போதெல்லாம் நான் மணல் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏனென்றால், அவன் ஊரைவிட்டுப் போகப்போவது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒத்திகை தொடங்கிய புதிதில் ஒரு சாயங்காலம் டேப்போடு வரச்சொல்லி அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். பீரோவை வாங்கிப் போட்ட பிறகு, முன்னால் ஒரு தடுப்புச் சுவர் கட்டியிருந்தார்கள். இப்போது பீரோ வெளியே வருமா என்று பார்க்க வேண்டும். நேராக வராது. ஆனால் மல்லாத்திச் சாய்த்து, அடிப்பக்கத்தை முதலில் திருப்பினால் வரும் என்று அளந்து சொன்னேன்.

"எங்க எடுத்துக்கினு போற?" என்று கேட்டேன்.

"பெங்களூருக்கு. சத்தமா கேக்காத."

அவன் மனைவி தெரசா பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் ஷிப்ட் ரயில் நேரத்துக்குப் பொருந்தவில்லை. அவன் அங்கே லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறான். இருவரும் பல வருஷம் ரயிலில் போய் வந்து, இப்போது அங்கேயே வீடு பார்த்துவிட்டார்கள். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பாக்கியராஜைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். தங்கவயலில் யார் வீட்டைக் காலி செய்தாலும் லாரி பக்கத்தில் போய் நின்று கிண்டல் செய்கிறவன் அவன். "ரயிலு ஒண்ணு கீதே, அத்த இன்னாத்துக்கு வுட்டுக்கினு கீறான்? காத்தால போ, ராத்திரி வா. ஓடிப் போறவன் மாதிரி மூட்ட கட்டிக்கினு போறியே" என்பான். பக்கத்து வீட்டுச் சம்பங்கி அண்ணனின் மகன் ஓசூருக்குப் போனபோதும் இதையேதான் சொன்னான். சம்பங்கி அண்ணன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இப்போது மன்றத்தின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சொல்லுக்குப் பிறகு வெகுநாள் அவர் இவனோடு பேசவில்லை.

"நாடகம் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கெழம போறேன்" என்றான் பாக்கியராஜ். "இப்ப அந்த சீனுல நான் பொட்டிய எடுத்துக்கினு நடந்தா இன்னா ஆவும் சொல்லு. நாடகம்னு பாப்பாங்க. மறு வாரம் நெஜமாவே லாரி வந்து நிக்கும். எங்கள அத்தினி பேச்சு பேசிட்டு, மேடையில ஏறி சொல்லிட்டுப் போறான் பாருன்னு சிரிப்பாங்க. சம்பங்கி அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? விடியறதுக்குள்ள ஏத்திக்கினு சத்தம் இல்லாம போயிடறேன். சீன் வேணாம்."

இது இப்படியே முடிந்திருக்கும். ஆனால் மனைவியாக நடிக்கும் ராதிகா, ஏதோ ஒரு வசனத்தில் சந்தேகம் வந்து வினோலியாவுக்குப் போன் செய்தாள். பேச்சுவாக்கில் கடைசிக் காட்சி இல்லை என்பதையும் சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கொர்னேலியஸ் சாருக்குப் போன் வந்தது. வினோலியா கோபப்படவில்லை. "அந்தக் காட்சி இல்லாம போடறதா இருந்தா போட வேணாங்க. ஞாயித்துக்கெழம நானே வரேன், பாத்துட்டுப் பேசலாம்" என்றாராம். ஊர் முழுவதும் சொல்லியாகிவிட்டது, சுவரில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. ஆக, ஒன்று பாக்கியராஜ் அந்தக் கதவைத் திறந்து உள்ளே வர வேண்டும், இல்லையென்றால் நாடகம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பங்காருப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோவில் வந்தார் வினோலியா. நாற்பது வயது இருக்கும். முதுகில் ஒரு பை. வந்ததும் தண்ணீர் கேட்டார். "பேத்தமங்களா ஏரித் தண்ணியா?" என்று கேட்டுவிட்டுக் குடித்தார். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்த்தார். குறிப்பு எழுதவில்லை, நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் பாக்கியராஜ் மண்ணை விட்டுப் போக மாட்டேன் என்று முழங்கி முடித்தான். யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"அந்தக் கதவு எவ்ளோ உயரங்க?" என்று கேட்டார்.

"ஏழடி மேடம்" என்றேன்.

"இவரு?"

"அஞ்சே முக்கால்" என்றான் பாக்கியராஜ்.

"ராதிகா நீங்க?"

"அஞ்சடி. செருப்போட."

"அப்ப ரெண்டு பேரும் ஏன் குனியறீங்க?"

எங்களுக்குப் புரியவில்லை. யாரும் குனியவில்லையே என்றார் கொர்னேலியஸ் சார். "சும்மா ஒரு தடவ வெளிய போயிட்டு உள்ள வாங்க" என்றார் வினோலியா. ராதிகா போய்விட்டு வந்தாள். அவள் தலைக்கு மேல் இரண்டடி காலியாக இருந்தது. ஆனாலும் வாசக்கால் அருகில் வந்ததும் தலையைத் தாழ்த்தி, உள்ளே வந்து நிமிர்ந்தாள். வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று சார் எழுந்து போனார். மிக நிமிர்வாக நடந்து வந்தார். கதவு வந்ததும் அவர் கழுத்தும் ஒரு பக்கமாக மடங்கியது. அந்த நேரம் பார்த்துச் சம்பங்கி அண்ணன் டீ எடுத்துக்கொண்டு மேடையேறினார். என்ன நடக்கிறது என்று தெரியாமல் தட்டோடு குனிந்து உள்ளே வந்து, "இன்னா எல்லாம் பல்லக் காட்டிக்கினு கீறீங்க?" என்றார்.

நான் போனபோது மட்டும் நேராக உள்ளே வந்தேன். "நீங்க லைன்ல பொறக்கலியா?" என்றார் வினோலியா.

"இல்லீங்க. எங்கப்பா பேக்டரி வேலைக்கு ராணிப்பேட்டைல இருந்து வந்தவரு. நாங்க குவார்ட்டர்ஸ்."

"அதான்."

லைன் வீடு பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்தவை வரிசை வரிசையான ஓரறை வீடுகள். மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம். மழை வழிய வேண்டும் என்று கூரை முன்பக்கம் சரிந்திருக்கும். அதனால் வீட்டிலேயே தாழ்வான இடம் முன்சுவர்தான். வாசல் இருப்பதும் அங்கேதான். தகரம் எங்கே வந்து முடிகிறதோ அதற்குக் கீழே எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ, அவ்வளவுதான் கதவு. பிறகு தட்டி போய்ச் செங்கல் சுவர் வந்தபோதும் பல வீடுகளில் கூரை பழைய சரிவிலேயே நின்றுவிட்டது. அங்கே பிறந்த பிள்ளை வளர்ந்து, தலை ஒரு தடவையோ இரண்டு தடவையோ இடித்த பிறகு, கழுத்து தானாகவே பழகிக்கொள்கிறது. கண்ணில் தூசி விழும்போது இமை மூடுவதுபோல. அதற்குப் பிறகு எந்தக் கதவைப் பார்த்தாலும் கழுத்து மூளையைக் கேட்பதில்லை.

"இதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார் வினோலியா. "ஆனா இவன் இன்னிக்குதான் குடியாத்தம் பக்கத்துல இருந்து வந்து எறங்கறான். இவனுக்கு அந்தக் கழுத்து எப்படி வந்துச்சி? நீங்க வந்தவனா நடிக்கல. இங்க பொறந்தவனா நடிக்கறீங்க. அவனுக்கு இந்த வீடு தெரியாது."

"சரிங்க மேடம், குனியாம வரேன்" என்றான் பாக்கியராஜ்.

"குனியாம வந்தா இடிக்கும். இடிக்கணும்."

கொர்னேலியஸ் சார் இதற்காகவே காத்திருந்ததுபோலத் தொடங்கினார். "அங்கதான் மேடம் எனக்குப் பிரச்சன. பாட்டன் தலையில இடிச்சிக்கினா ஜனம் சிரிக்கும். அவங்க பட்ட கஷ்டத்துக்கு மரியாத இல்லாம போயிடும்."

"சார், மொத சீனுல இவரு எப்படி நிக்கறாரு?"

"பண்ணையார் வாசல்ல. துண்ட கக்கத்துல வெச்சிக்கினு, குனிஞ்சி."

"அந்த வீட்டுக்குள்ள போறாரா?"

"எப்படிப் போவாரு? வுடமாட்டாங்களே."

"எத்தன தலைமொறையா?"

சம்பங்கி அண்ணன் டீ தட்டைக் கீழே வைத்தார்.

"அவன் உள்ள போன வீடெல்லாம் அவன் சேரில இருந்த குடிசதான். அதுவும் பண்ணையார் எடத்துல. எப்ப வேணும்னாலும் போன்னு சொல்லலாம்" என்றார் வினோலியா. "இங்க வந்து எறங்கறான். ஒருத்தன் நம்பர் போட்ட கதவக் காட்டி, இது உன் வீடு, உள்ள போன்னு சொல்றான். பக்கத்துல யாரும் நிக்கல. யாருக்கும் கும்புடு போட வேணாம். சாவி இவன் கையில கீது. வாழ்க்கையில மொத தடவ அவன் நெஞ்ச நிமித்திக்கினு ஒரு வாசல்ல நொழையறான். அதனாலதான் சார் இடிக்குது. குனிஞ்சி பழகுன மனுசன் அன்னிக்குனு பாத்து குனியல. ஜனம் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு எனக்குக் கடைசியில வேணும்."

இங்கே எனக்கு ஒன்று புரிந்தது. எங்கள் ஷாப்பில் புது ஆட்கள் வரைபடத்தைப் பார்த்து, எதற்கு என்றே தெரியாத ஒரு சின்னத் துளையைத் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். பாகங்களைப் பூட்டும்போதுதான், வேறொரு பாகத்தின் ஊசி வந்து உட்காரும் இடம் அது என்று தெரியவரும். முதல் காட்சியில் குனிவது, இரண்டாவதில் இடிப்பது, கடைசியில் ஒரு கதவு. நாங்கள் நடுவில் இருந்த துளையை அடைத்துவிட்டு, கடைசி ஊசி எங்கும் உட்காரவில்லை என்று அதையும் தூக்கிப் போட்டிருந்தோம்.

பாக்கியராஜ் விடவில்லை. "சரி மேடம். இது நல்லாதான் கீது. அப்ப கடைசில பேரன் பெங்களூருக்குப் போயி மறுபடியும் குனியணுமா? பண்ணையாருக்குக் குனிஞ்சான், இப்ப ஃபிளாட்டுக்காரனுக்குக் குனியறான்னு ஆவாதா?"

"நான் குனியறான்னு எழுதலியே. உள்ள வரான்னுதான் எழுதுனேன்."

"நான் வந்தா குனிஞ்சிடுவேனே. அதான் இப்ப பாத்தமே."

வினோலியா மேடையேறி வாசக்காலைத் தொட்டுப் பார்த்தார். "எங்கப்பா இங்க மாரிக்குப்பம் சுரங்கத்துல வேல செஞ்சவரு" என்றார். "சுரங்கம் மூடுனப்ப நாங்க குடியாத்தம் பக்கம் எங்க பாட்டன் ஊருக்கே திரும்பிப் போனோம். அப்ப நான் காலேஜ்ல படிச்சிக்கினு இருந்தேன். அங்க எல்லாம் பெரிய பெரிய வாசல். எங்கப்பா ரேஷன் கடைக்குப் போனாலும் குனிவாரு, பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாலும் குனிவாரு. ஊர்க்காரங்களுக்கு ரொம்ப சந்தோசம். கோலாருக்குப் போயும் மரியாத மறக்கலடா, பழைய மாதிரியே கும்புடு போட்டுக்கினு வரான் பாருன்னாங்க. அவரு இங்க யூனியன்ல கொடி புடிச்ச ஆளு. யாருக்கும் குனியாதவரு. வீட்டுக்கு வந்து செவுத்துல கையால குத்துவாரு. நிமிந்து நடக்கணும்னு நெனச்சிக்கினே போவாரு. வாசல் வந்தா கழுத்து கேக்காது."

சம்பங்கி அண்ணன் ஒரு டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அவங்க ஏன் தப்பாப் பாத்தாங்க? அவங்களுக்கு மொத சீன் மட்டும்தான் தெரியும். எங்க பாட்டன் குனிஞ்சி நின்னத தலைமொறையா பாத்தவங்க. நடுவுல இங்க நடந்தது எதையும் பாக்கல. அவரு குனிஞ்சது யாருக்கும் இல்ல, தன் வீட்டு வாசக்காலுக்குன்னு அவங்களுக்குத் தெரிய வழியே இல்ல." அவர் பாக்கியராஜைப் பார்த்தார். "உங்க முன்னாடி உக்காந்து பாக்கறவங்க ரெண்டாவது சீனயும் பாத்திருப்பாங்க. நீங்க குனிஞ்சா, எங்க இருந்து வரீங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அதுக்குதான் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே ஆள் வேணும்னு கேட்டேன். ஒடம்பு ஒண்ணா இருக்கணும். ஆனா கடைசில அந்த ஒடம்பு இன்னா செய்யும்னு எழுதும்போது எனக்குத் தெரியல. காட்சி வேணும்னு மட்டும் தெரிஞ்சிது. இப்ப நீங்கதான் செஞ்சி காட்னீங்க."

பாக்கியராஜ் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. "ஒரு தடவ வந்து பாக்கறேன்" என்றான்.

வந்து பார்த்தான். மிக மோசமாக இருந்தது. குனிய வேண்டும் என்று தெரிந்த பிறகு அவன் நன்றாக, அழகாக, இடுப்பு வரைக்கும் குனிந்தான்.

"மாதா கோயில்ல பலிபீடத்துக்கு முன்னால நிக்கிற மாதிரி கீது" என்றாள் ராதிகா.

"நீ வாய மூடிக்கினு இரு."

"நெஜமாதான்ணா சொல்றேன்."

மறுபடி செய்தான். இந்த முறை கழுத்து மட்டும் கோழி மாதிரி போய் வந்தது. பழக்கம் இப்படித்தான். கவனிக்காதவரை வேலை செய்யும், கவனித்தால் நின்றுவிடும். படி இறங்கும்போது எந்தக் கால் முதலில் என்று யோசித்துப் பாருங்கள், தெரியும். வினோலியா யோசித்துவிட்டு, "பெட்டி காலியா இருக்குதா?" என்று கேட்டார். அது அட்டையில் செய்து வர்ணம் அடித்த பெட்டி. "கனமா ஒண்ணு குடுங்க. கவனம் கைக்குப் போயிடும். கழுத்து அதும்பாட்டுக்கு இருக்கும்."

"டம்ப்ல இருந்து மண்ணு ரொப்பிக்கினு வரட்டா?" என்றார் சம்பங்கி அண்ணன். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மலைபோல ஊரைச் சுற்றிக் கிடக்கிறது.

"ஏண்ணா, எனக்குக் கையி அரிக்கறதுக்கா?"

என் மணல் மூட்டைகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு உடம்பு ஒரு பக்கம் இழுக்க நடந்து வந்தான். கதவு வந்தது. கழுத்து தாழ்ந்தது, நிமிர்ந்தது. அவ்வளவுதான். கொர்னேலியஸ் சார் எழுந்து, தான் எழுதிய வசனத் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாடகத்தன்னிக்குப் பொட்டி நானே எடுத்துக்கினு வரேன்" என்றான் பாக்கியராஜ்.

அடுத்த வேலை எனக்கு. ஒரே வாசக்கால் இரண்டாவது காட்சியில் தாழ்வாகவும் கடைசியில் உயரமாகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கக் கால்களிலும் மேலும் கீழுமாகத் துளை போட்டு, மேல்கட்டையைப் போல்ட்டில் மாட்டினேன். இடைவேளையில் போல்ட்டைக் கழற்றி மேலே ஏற்றிவிடலாம். தாழ்வான இடத்தில் இடிப்பதற்காகக் கட்டையில் நெற்றி படும் பக்கம் ரப்பர் ஒட்டி மரநிறம் அடித்தேன். ரப்பரில் இடித்தால் வலிக்காது, சத்தமும் வராது. அதனால் நான் பின்னால் நின்று ஒரு பலகையைத் துணி சுற்றிய சுத்தியால் தட்ட வேண்டும். சத்தம் கண்ணிமைக்கும் நேரம் பிந்தினால் பார்ப்பவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். முந்தினால் எல்லாம் போச்சு.

நாடகத்தன்று பாக்கியராஜ் நிஜமான இரும்பு ட்ரங்க் பெட்டியோடு வந்தான். பூட்டியிருந்தது. ஓரமாக நகர்த்தி வைக்கலாம் என்று நான் தூக்கியபோது உள்ளே பாத்திரங்கள் உருண்டு இடித்துக்கொண்டன. பெங்களூருக்குத் தெரசா கட்டி வைத்த பெட்டி அது. அவனை ஏறிட்டுப் பார்த்தேன்.

"கனமா வேணும்னாங்களே" என்றான்.

மன்றம் நிரம்பியிருந்தது. வினோலியா பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். முதல் காட்சியில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாக்கியராஜ் நின்றபோது சத்தமே இல்லை. இரண்டாவது காட்சியில் சாவியைக் கையில் வாங்கி, மனைவியைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தான். நான் சுத்தியை ஓங்கிக்கொண்டு அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பரில் பட்டதும் தட்டினேன். மன்றம் அதிர்ந்தது. அவர்கள் சிரித்த சிரிப்பு, சார் பயந்த சிரிப்பாக இல்லை. லைன் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளியும் அந்த இடத்தில் இடித்துக்கொண்டவர்தான். "பொண்ணு பாக்க வந்தப்ப நீயும் இப்படித்தான்யா இடிச்சிக்கின" என்று ஓர் அம்மா தன் புருஷனிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

இடைவேளையில் மேல்கட்டையை ஏற்றினேன். வேலைநிறுத்தமும் சுரங்க மூடலும் முடிந்தன. விளக்கு மங்கி, மறுபடி வந்தபோது மேடையில் அந்தக் கதவு மட்டும், உயரமாக, புதிதாக வெள்ளை அடித்ததுபோல நின்றது. பாக்கியராஜ் பேன்ட் சட்டையில், பெட்டியின் கனம் தோளை இழுக்க, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே பாத்திரம் இடித்தது. கதவைத் திறந்தான். தலையைத் தாழ்த்தி உள்ளே வந்தான்.

சிரிப்பு எழுந்தது, முதலில் கேட்ட அதே சிரிப்பு. பாதியில் நின்றுவிட்டது. அவன் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி மேல்கட்டையைப் பார்த்தான். அது அவன் தலைக்கு வெகு மேலே இருந்தது. நாங்கள் ஒத்திகையில் இப்படிச் செய்து பார்த்ததில்லை. விளக்கை அணைக்க வேண்டிய சார் மறந்துவிட்டார். பிறகுதான் அணைத்தார்.

கைதட்டு வந்தது. பெரிதாக இல்லை, ஆனால் நெடுநேரம் வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு நான் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பாக்கியராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். சம்பங்கி அண்ணன் சாவிக்கொத்தோடு மேடையேறி அவன் முன்னால் வந்து நின்றார்.

"பொட்டில பாத்திரம் உருளுற சத்தம் கேட்டுச்சி" என்றார். "நாடகத்துக்கு எவனாவது பாத்திரம் வெப்பானா? மண்ணுதான வெப்பான்."

பாக்கியராஜ் எழுந்து நின்றான். "அண்ணா..."

"எப்ப போற?"

"வர ஞாயித்துக்கெழம."

"தெரசாவுக்கு வேல அங்கதான?"

"ஆமாண்ணா. ஷிப்ட்டு ஒத்து வரல. நான் உங்ககிட்ட அன்னிக்கு, உங்க மகன் போறப்ப..."

"வுடுப்பா. அவன் ஓசூர்ல கட்டுன வீட்டுக்கு நான் போயிருந்தேன். வாசல்ல குனிஞ்சேன், மருமவ சிரிச்சா. எனக்கு அப்ப ரொம்ப கோவம் வந்துச்சி. இன்னிக்கு இத்த பாத்துட்டுதான் போச்சி." அவர் பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு லாரி?"

"விடியறதுக்குள்ள வரச் சொல்லிக்கீறேன்."

"எதுக்குத் திருடன் மாதிரி? எட்டு மணிக்கு வரச் சொல்லு. தூக்கறதுக்கு ஆளு வேணாமா? பீரோ வேற கீது. அந்தப் பீரோ வெளிய வராதுடா, முன்னால செவுரு கட்டிட்ட."

"வரும்ணா. மல்லாத்தி அடிப்பக்கத்த மொதல்ல திருப்பணும். பாபு அளந்து சொல்லிட்டான்."

சம்பங்கி அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். "ஓகோ, உனக்கு மொதல்லியே தெரியுமா?" என்றார். நான் போல்ட்டைத் துடைப்பதுபோலத் தலையைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அந்த ஃபிளாட்டுக் கதவு எவ்ளோ உயரம்?" என்று அவர் மறுபடி அவனிடம் கேட்டார்.

"கைய தூக்கினாகூட எட்டல."

"குனிவியா?"

"அது என் கையிலயா கீது?" என்றான் பாக்கியராஜ்.

இருவரும் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு மன்றத்தின் வெளிவாசலுக்குப் போனார்கள். வெள்ளைக்காரன் காலத்து வாசல் அது, இரண்டு ஆள் உயரம். முதலில் சம்பங்கி அண்ணன் குனிந்து வெளியேறினார், பின்னாலேயே பாக்கியராஜ் குனிந்தான்.